அண்ணே என்று கூப்பிட்டவன்

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறவன் விருந்தாளி, தட்டாமல் போகிறவன் திருடன், தட்டித் தட்டிக் கை வலித்த பிறகு உடைத்துக்கொண்டு போகிறவர்கள் நாம்தான் என்று ஹாரன் அடிக்கடி சொல்வான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் அவன். வண்டியின் சைரனைவிட அவன் தொண்டை பெரிது என்பதால் நிலையத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனோடு போகும் மருத்துவ உதவியாளர் ஒரு பெண், நாற்பதைத் தொட்டவள். பெரியவர் சின்னவர் பாகுபாடு இல்லாமல் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா.

அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த கையோடு அழைப்பு வந்தது. வெளியூரில் இருக்கும் ஒரு மகள் தன் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாளாம். நெஞ்சை இறுக்குகிறது என்றாராம். அடுத்தது நாற்காலி சரிகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அப்பா தனியாக இருக்கிறார், முன்கதவை எப்போதும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார், பின்பக்கம் சமையலறை ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டால் பின்கதவுத் தாழ்ப்பாள் எட்டும், உடைத்துக்கொண்டு போங்கள் நான் பொறுப்பு என்று அந்த மகள் அழுதிருக்கிறாள்.

எதையும் ஒரு முறை கேட்டால் அக்காவுக்கு மனசு ஆறாது. வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டாள். யாரும் கிடையாது, மகளே சொல்லிவிட்டாள் என்றார்கள். பெற்ற மகள் சொன்னதற்கு மேல் அப்பீல் ஏது.

வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. வண்டி நுழையாது. சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு, ஸ்ட்ரெச்சரையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் பையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். எங்கோ மேலே ஒரு துளை போடும் மெஷின் சுவரைக் குடைந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது போல என்று அக்கா நினைத்துக்கொண்டாள். ஹாரன் முன்கதவில் நின்று தன் பெயரைக் காப்பாற்றும்படி கத்தினான். மெஷின் சத்தம்தான் பதிலாக வந்தது. அவன் பின்பக்கம் ஓடி, சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணாடியை ஒரே குத்தில் உடைத்தான்.

சமையலறையில் அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு டம்ளர்கள், இரண்டிலும் சர்க்கரை போட்டு வைத்திருந்தது. அக்காவின் கண் அதைப் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. போகிற போக்கில் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

பெரியவர் குப்புறக் கிடந்தார். விழும்போது நாற்காலி விளிம்பில் மோதி நெற்றி கிழிந்திருந்தது. முகமெல்லாம் ரத்தம். புரட்டிப் போட்டுக் கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இல்லை. அவர் பக்கத்தில் முழங்காலிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள். இனி அவருடைய இதயம் அவள் கைதான். கை நின்றால் அவர் போய்விடுவார். ஒழுங்காகத்தான் அமுக்குகிறோமா, ஆழம் போதுமா, வேகம் போதுமா என்ற சந்தேகம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளை விட்டபாடில்லை. சந்தேகம் அது பாட்டுக்கு இருக்கும், கை அது பாட்டுக்கு வேலை செய்யும்.

நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கும் பெட்டிக்கு ஹாரன் வைத்திருந்த பெயர் மாமியார். தொடாதே, விலகு, திரும்பச் செய் என்று குரலை உயர்த்தாமலே வேலை வாங்கும், எவ்வளவு செய்தாலும் திருப்திப்படாது. ஹாரன் கத்தரியால் பெரியவரின் சட்டையைக் கீழிருந்து மேலாகக் கிழித்து, ஒட்ட வேண்டிய பட்டைகளை நெஞ்சில் ஒட்டினான். மாமியார் கேட்டபடி ஒரு ஷாக் கொடுத்தாயிற்று. பலனில்லை. அக்கா மறுபடி அமுக்கினாள்.

"விடாதக்கா, அமுக்கு. நல்லா அமுக்கு."

"மாமியார் என்னடா சொல்றா?"

"ஒரு அடிக்கு மசியல. இன்னொண்ணு போடணும்."

"அதுக்குள்ள வாயை மூடு, காத்து வெளிய போகாம."

முகமூடியைப் பெரியவரின் வாய்மேல் வைத்து மூடச் சொன்னாள், அவ்வளவுதான். இந்தப் பேச்சு அடுத்த அறையில் நிற்கிறவன் காதில் எப்படி விழும் என்று அவர்கள் ஒரு நாளும் யோசித்ததில்லை. துளை போடும் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்ததையும் கவனிக்கவில்லை.

மாடிப்படியில் ஒருவன் நின்றான். சட்டை இல்லை. தலையிலிருந்து கால்வரை சிமெண்டுத் தூசி, கண் இரண்டு மட்டும் தெரிந்தது. கையில் சுத்தியல். அக்கா அவனைப் பார்த்ததும், அவன் படியிலிருந்து பாய்ந்ததும், ஹாரனின் தோள் எலும்பு காய்ந்த விறகு போல முறிந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. ஹாரன் டிவி மேஜையோடு சேர்ந்து சாய்ந்தான். விழுந்த இடத்திலிருந்தே இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸின் சிவப்புப் பொத்தானை அழுத்தி, உள்ளே ஆள் இருக்கிறான், அடிக்கிறான் என்று சொல்லிவிட்டான். இரண்டாவது அடி காதுக்கு மேலே விழுந்தது. அதற்குப் பிறகு ஹாரனிடமிருந்து சத்தம் வரவில்லை.

அக்கா கையை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று கத்தினாள், அமுக்கிக்கொண்டே கத்தினாள். அவன் அதைவிடப் பெரிதாக, "அண்ணே! அண்ணே!" என்று கத்தினான்.

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தாள். வீட்டில் யாரும் கிடையாது என்றார்கள். அப்படியென்றால் இவன் யார்? திருட வந்தவன். பெரியவரின் நெற்றியைப் பிளந்தது நாற்காலி இல்லை, இந்தச் சுத்தியல். அண்ணே என்று கூப்பிடுகிறானே, மாடியில் இன்னொருவன் இருக்கிறான், கூட்டாளி. அவனும் இறங்கி வருவதற்குள் எதையாவது செய்தாக வேண்டும்.

அவள் சீருடையை அவன் பார்த்திருக்கலாமே என்று பிறகு ஊரெல்லாம் கேட்டது. போன மாதம்தான் பக்கத்துத் தெருவில் கேஸ் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவனும் ஒருத்தியும் வந்து, வீட்டுக்காரரைக் கட்டிப்போட்டு அலமாரியைத் துடைத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் சட்டைக்கு இருந்த மரியாதை அதோடு போயிற்று. ஹாரனோ சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றியிருந்தான். ஜன்னல் உடைந்து கிடக்கிறது, பெரியவர் முகத்தில் ரத்தம், ஒருவன் கையில் கத்தரி, ஒருத்தி நெஞ்சின்மேல் ஏறி அமுக்குகிறாள், விடாதே அமுக்கு என்கிறான் மற்றவன். யாராக இருந்தாலும் சுத்தியலைத்தான் தூக்குவான்.

"கையை எடுடி," என்றான்.

அவள் எடுக்கவில்லை. சுத்தியல் அவள் வலது முன்கையில் இறங்கியது. வலி உடனே வரவில்லை. கை மணிக்கட்டுக்கு மேலே இன்னொரு மூட்டு முளைத்தது போல மடங்குவதைப் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் வந்தது. இடது கையால் இன்னும் அமுக்கினாள். அவன் அவள் விலாவில் உதைத்தான். உருண்டு போய்ச் சுவரில் மோதினாள். கீழ் உதடு பல்லில் கிழிந்து வாய் நிறைய உப்பு.

எழுந்து பார்த்தபோது அவன் சுத்தியலை எறிந்துவிட்டுப் பெரியவர்மேல் கவிழ்ந்து படுத்திருந்தான். ஆளை மறைத்துப் படுத்தபடி இரண்டு கைகளாலும் அவரைக் கட்டிக்கொண்டிருந்தான். பாக்கெட்டைத் தடவுகிறான், கழுத்துச் சங்கிலியைத் தேடுகிறான் என்று அக்கா நினைத்தாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அலைகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். விபத்து நடந்த இடத்தில் செத்தவன் கையிலிருந்து வாட்ச் கழற்றியவனைப் பார்த்திருக்கிறாள்.

மாமியாருக்கு இந்தக் களேபரம் எதுவும் தெரியாது. அசைவு இருக்கிறது, நோயாளியைத் தொடாதீர்கள் என்று செய்தி வாசிப்பது போலச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் அசையாமல் கட்டிக்கொண்டதும் அதற்கு வசதியாகப் போயிற்று. கணக்குப் பார்த்து முடித்து, ஷாக் தேவை, விலகி நில்லுங்கள், மின்னும் பொத்தானை அழுத்துங்கள் என்றது.

அக்கா தவழ்ந்து போய்ப் பொத்தானில் இடது கட்டைவிரலை வைத்தாள். ஆரஞ்சு வெளிச்சம் நகத்துக்கு அடியில் மின்னியது. அழுத்தினால் பெரியவருக்குப் போகிற அடி இவனுக்கும் போகும். நல்ல இதயத்தையும் அது நிறுத்திவிடலாம் என்று படித்திருக்கிறாள், படித்துக்கொடுத்தும் இருக்கிறாள். போகட்டுமே என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தது மட்டுமில்லை, இனித்தது. அப்பால் ஹாரன் காதிலிருந்து ரத்தம் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. இவன் நெஞ்சு நின்றால் யார் அழப்போகிறார்கள்?

கட்டைவிரல் அழுந்தவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. கருணை என்று சொல்ல முடியாது, பழக்கமாக இருக்கலாம். பெட்டி கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், பிறகு சேர்த்த மின்சாரத்தைத் தானே இறக்கிவிடும். அவள் பக்கத்தில் கிடந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, நீட்டிக் கிடந்த அவன் முழங்கால்மேல் முழு பலத்தோடு இறக்கினாள். சில்லு உடைந்த சத்தம் கேட்டது. மறுபடியும் இறக்கினாள். இரண்டாவது அடி தேவைப்படவில்லை, இருந்தாலும் அடித்தாள். அவன் அலறிக்கொண்டு உருண்டு விலகினான். பொத்தானை அழுத்தினாள். பெரியவரின் உடம்பு தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி விழுந்தது.

ஒற்றைக் கையால் அமுக்கினாள். போதவில்லை. அவள் உடம்பு எடை முழுவதும் போட்டும் நெஞ்சு பாதிதான் இறங்கியது. பெரியவரின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. பின்னால் அவன் நகர்கிற சத்தம். சுத்தியல் சோபாவுக்கு அடியில் கிடந்தது, வாசல் அதற்கு அந்தப் பக்கம். எடுக்க வருகிறான் என்று திரும்பிச் சிலிண்டரை மறுபடி தூக்கினாள். இந்த முறை தலையில் போடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

அவன் சுத்தியல் பக்கம் போகவில்லை, வாசல் பக்கமும் போகவில்லை. உடைந்த காலை இழுத்துக்கொண்டு பெரியவரின் தலைமாட்டுக்குப் போனான். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் பிடரி அவள் சிலிண்டருக்கு நேர் கீழே இருந்தது.

"அண்ணே," என்றான் அவர் காதில். "நான் மேலதான் இருந்தேன் அண்ணே. மேலதான் இருந்தேன்."

ஓங்கிய சிலிண்டரை அவள் இறக்கவில்லை. மாடியில் யாரும் இல்லை. அண்ணே என்று அவன் கூப்பிட்டது இந்தக் கிடக்கிற மனிதரைத்தான். அடுப்புப் பக்கத்து இரண்டு டம்ளரும் அப்போதுதான் அவள் மனசுக்குள் வந்து உட்கார்ந்தன.

"அவர் உனக்கு யாரு?" என்று கேட்டாள்.

"எங்கப்பா."

அக்கா சிலிண்டரைக் கீழே வைத்தாள். கேட்பதற்கும் மன்னிப்பதற்கும் நேரமில்லை. "நாங்க ஆம்புலன்ஸ்டா. உன் தங்கச்சியோ அக்காவோ கூப்பிட்டா. அப்பா நெஞ்சு நின்னு போச்சு. இங்க வா, அமுக்கு."

அவன் அவளையும், பிளந்து கிடந்த சட்டையையும், நெஞ்சில் ஒட்டிய பட்டைகளையும், பேசுகிற பெட்டியையும் பேயறைந்தவன் போலப் பார்த்தான். "அமுக்குனா செத்துருவாரு," என்றான்.

"செத்துட்டாரு. அமுக்குனாதான் திரும்பி வருவாரு. எனக்குக் கை இல்ல. நீ உடைச்சுட்ட."

அவனால் முழங்காலிட முடியவில்லை. அதை அவள் உடைத்திருந்தாள். ஒரு காலை மடக்கி, உடைந்ததைப் பக்கவாட்டில் நீட்டி, அப்பாவின் விலாவோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தான். குழாய் வேலை செய்கிற கை. முதல் நாலைந்து அமுக்கில் ஏதோ நொறுங்கியது.

"உடையுது," என்று கையை எடுக்கப் பார்த்தான்.

"உடையட்டும். எலும்பு சேரும். அமுக்கு."

அவன் அமுக்கினான். அவள் இடது கையால் காற்றுப் பையைப் பிழிந்து மூச்சுக் கொடுத்தாள். இடைவெளி கிடைத்தபோதெல்லாம் அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, யாரும் கேட்காததைச் சொல்லிக்கொண்டிருந்தான். லீவு நாள் என்று காலையில் வந்தானாம். வருவதாக யாருக்கும் சொல்லவில்லையாம், தங்கச்சிக்கும் சொல்லவில்லையாம். மாடித் தொட்டிக்குப் புதுக் குழாய் போடச் சுவரைக் குடைந்துகொண்டிருந்தானாம், அப்பா டீ போடுகிறேன் என்று இறங்கினாராம், அதற்குத்தான் தானும் இறங்கி வந்தானாம். சின்ன வயதில் மூன்று சித்தப்பாக்கள் ஒரே வீட்டில் இருந்து விடிந்தால் எழுந்தால் அண்ணே அண்ணே என்று அவரை அழைத்ததில் அவன் வாயும் அதையே பிடித்துக்கொண்டது. அப்பான்னு சொல்லுடா என்று அம்மா கரண்டியால் அடித்துப் பார்த்தாள். கரண்டிதான் வளைந்தது. மற்றவர்களிடம் சொல்லும்போதுதான் எங்கப்பா என்பான்.

"பேசாத, மூச்சு வீணாகுது," என்றாள் அக்கா.

பின்பக்கம் கண்ணாடித் துண்டுகள் மிதிபட்டன. ஹாரன் அழுத்திய பொத்தானுக்குப் போலீஸ் வந்துவிட்டது. இருவர் வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது, இடுப்பில் வயர்லெஸ்ஸோடு ஒருவன் ரத்தத்தில் கிடக்கிறான், சீருடையில் ஒருத்தி கை ஒடிந்து உட்கார்ந்திருக்கிறாள், சட்டையில்லாத ஒரு முரடன் ஒரு கிழவரின்மேல் ஏறி நெஞ்சை நொறுக்குகிறான். முன்னால் வந்தவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. லத்தியை அவன் முதுகில் இறக்கினார்.

அவன் திரும்பவில்லை. இரண்டாவது அடி தோளில் விழுந்தது, மூன்றாவது பிடரியில். ஒவ்வொரு அடிக்கும் அவன் உடம்பு முன்னால் சாய்ந்தது. அந்தச் சாய்வையும் அவன் அமுக்கிலேயே சேர்த்துக்கொண்டான். பின்னால் வந்தவர் கழுத்தில் கையைச் சுற்றி இழுத்தார். அப்போதும் கை நெஞ்சைவிட்டு வரவில்லை, அப்பாவின் உடம்பும் கூடவே இழுபட்டது.

அக்கா நாக்கைச் சுழற்றிப் பேசத் தெம்பில்லாமல் அவன் முதுகின்மேல் விழுந்தாள். வீசின லத்தி நிற்கவில்லை. உடைந்த கையின் தோளில் விழுந்தது, கண்ணில் இருட்டு வந்து போனது.

"அவன் மகன்," என்றாள். "அவன் கையை எடுத்தா அவர் போயிருவாரு. விடுங்க."

லத்தி மேலே நின்றது. போலீஸ்காரர் நம்பினாரா என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து மாமியார், நோயாளியைத் தொடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னது. கழுத்தைப் பிடித்திருந்தவர் சட்டென்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார், துப்பாக்கி நீட்டியது போல. அக்கா மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். பெரியவர் எழும்பி விழுந்தார்.

"இப்ப மறுபடி," என்றாள். அவன் மறுபடி அமுக்கினான். நெற்றித் தூசியில் வியர்வை ஓடிக் கோடு கோடாக இறங்கியது. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நிறுத்து என்று சொன்னபோது அவனுக்குக் காது கேட்கவில்லை. அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

கழுத்தில் விரல் வைத்தாள். ஒன்றுமில்லை என்று தோன்றியது. தன் விரலின் துடிப்பாக இருக்கும் என்று சந்தேகம் வந்தது. இடம் மாற்றி வைத்தாள், திரும்பவும் பழைய இடத்தில் வைத்தாள். தோலுக்கு அடியில் ஏதோ தட்டியது. பயந்துகொண்டு கதவைத் தட்டுகிறவன் மாதிரி, ஒன்று தட்டி, நின்று, இன்னொன்று.

"இருக்கு," என்றாள். மகன் அப்படியே அப்பாவின் தோள்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

டிவி மேஜைக்கு அடியிலிருந்து முனகல் கேட்டது. சாவி வலது பாக்கெட்டில் இருக்கிறது, கிளட்ச் கொஞ்சம் இறுக்கம், யாராவது ஓட்டத் தெரிந்தவன் ஓட்டுங்கள் என்று ஹாரன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். தனக்கு அடுத்த வண்டி வந்தால் போதுமாம். காது போனாலும் தொண்டை போகவில்லை என்று அக்காவுக்கு உயிர் வந்தது.

கூடத்தில் முழு உடம்போடு இருந்தவர்கள் போலீஸ்காரர்கள் இருவர்தான். முன்னவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உடைந்த ஜன்னலையும் சுத்தியலையும் சிலிண்டரையும் நான்கு பேர் ரத்தத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தான் அடித்தது யாரை என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"இதுல யாரும்மா திருடன்?" என்று கேட்டார்.

ஸ்ட்ரெச்சர் விரித்தாயிற்று. பெரியவரின் தலைப்பக்கத்தைத் தூக்க இளைய போலீஸ்காரர் குனிந்துவிட்டார். சந்து முனைவரை போக வேண்டும், அதற்குள் அந்தத் துடிப்பு மனம் மாறிவிடக்கூடாது. அக்கா கழுத்திலிருந்து விரலை எடுக்கவில்லை, அவரை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"அதை அப்புறம் பாத்துக்கலாம் சார்," என்றாள். "முதல்ல அவர் காலைப் பிடிங்க."

அவர் லத்தியைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து காலைப் பிடித்தார்.